பழங்கோட்டையும் பக்கத்து வீடும்

நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து, பந்தியும் எழுந்த பின்னர், கடப்பாக்கத்திலிருந்து வந்திருந்த அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தாழ்வாரத்தின் ஓரத்திற்கு அழைத்துச் சென்று ஒரு விஷயம் வினவினார். அவர் கூறியது பின்வருமாறு: “ஐயா, எங்கள் வீடு பாட்டனார் கட்டியது. முன்கட்டு ஓடு, பின்கட்டு மெத்தை. மகனுக்கு விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. மெத்தையின்மேல் ஓர் அறை எழுப்பலாம் என்று மேஸ்திரியை அழைத்தேன். அவரோ, கோட்டை பக்கத்தில் இருக்கிறது, தொல்லியலார் உத்தரவில்லாமல் ஒரு செங்கல் வைத்தாலும் சிறைவாசம் என்று சொல்லிப் போய்விட்டார். மூன்று தலைமுறையாக நாங்கள் அந்தக் கோட்டையைப் பார்த்து வருகிறோம். கோட்டை எங்களை எப்பொழுது பார்க்கத் தொடங்கிற்று?”

இக்கேள்விக்கு அன்று நம்மால் விடையிறுக்க இயலவில்லை. நம் சமூகத்தாரில் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலே, மாமல்லபுரம் முதல் மரக்காணம் வரை, பூர்வீக மனையுடையோர் பலராதலின், இது ஒருவருடைய சங்கடம் மட்டும் அன்று என்பது உடனே விளங்கிற்று. ஆகவே சில திங்கள் சட்டப் புத்தகங்களையும் சரித்திர நூல்களையும் புரட்டியும், கடப்பாக்கத்திற்கு இரு முறை நேரிற் சென்றும், நாம் அறிந்தவற்றை இங்கு எழுதத் துணிந்தோம்.

கடப்பாக்கம் செங்கற்பட்டு ஜில்லா, செய்யூர் தாலுகாவைச் சேர்ந்தது. இடைக்கழிநாடு என்னும் பேரூராட்சிக்குள் அடங்கியது. கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்பது பெயரிலேயே விளங்கும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று குறிக்கப்படுவதால், இவ்வூர்ப் பெயர் சங்க நூற் காலத்திலேயே தமிழுலகம் அறிந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். அவ்வளவு பழமையான நாட்டிலே இன்று கண்ணிற் படுவது அத்தனை பழமையில்லாத ஆலம்பரைக் கோட்டையே.

செங்கல்லும் சுண்ணாம்புங் கொண்டு கட்டப்பட்ட இக்கோட்டை மொகலாயர் ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில் எழுந்தது. 1735-ஆம் ஆண்டளவில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகான் வசம் இருந்தது. இங்கே துறைமுகம் இருந்தது. கடலுக்குள் நீண்ட படகுத்துறை இருந்தது. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. நாணயம் அடிக்கும் அக்கசாலையும் இருந்தது. ஆலம்பரை வராகன் என்னும் பெயர் பழங்கணக்குகளிற் பயின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் தினசரியிலும் இவ்வூர்ப் பெயர் அடிக்கடி வரும். 1750-இல் முசபர்ஜங், தமக்குச் செய்த உதவிக்குப் பிரதியாக, இக்கோட்டையைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து, 1760-இல், ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றி இடித்தனர். எஞ்சியிருந்ததைக் காற்றும் உப்பும் தின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஆழிப்பேரலையும் தன் பங்கைச் செய்தது. நாம் போயிருந்தபொழுது, மதிலின் பெருந்துண்டுகள் மணலில் மல்லாந்து கிடக்க, அவற்றின் நிழலில் படகுக்காரர் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தனர்.

நிற்க. நம் அங்கத்தினர் கேட்டது கோட்டையின் சரித்திரத்தை அன்று. அயலான் வீட்டின்மேல் கோட்டைக்கு அதிகாரம் வந்த சரித்திரத்தை. அதற்கு இருநூறு ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கும்பினியார் காலத்தில், வங்காளத்தில் 1810-ஆம் ஆண்டின் 19-ஆவது ரெகுலேஷனும், நம் சென்னை இராசதானியில் 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷனும் பிறந்தன. பொதுக் கட்டடங்கள் சீர்கெடும்பொழுது சர்க்கார் தலையிடலாம் என்பது அவற்றின் சாரம். 1861-இல் தொல்பொருள் ஆய்வுத் துறை அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் தோன்றிற்று. எனினும் காப்பதற்கென்றே தனிச்சட்டம் வந்தது கர்சன் பிரபு காலத்தில், 1904-இல். அந்தச் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் சின்னத்தின் மேலேயே நின்றது. கோயிலையோ கோட்டையையோ சிதைக்கலாகாது. அது தனியாருடையதாயின் உடையவரோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரன் திண்ணையை உயர்த்துகிறானா, கொட்டகை போடுகிறானா என்பதில் அதற்கு அக்கறை இல்லை. 1932-இல் செய்த திருத்தம் ஒன்றே சற்று வெளியே எட்டிப் பார்த்தது. பழஞ்சின்னங்களின் அருகே சுரங்கம் தோண்டுவதையும் கல்லுடைப்பதையும் வெடி வைப்பதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் சர்க்காருக்கு அப்போது வந்தது.

சுதந்தரத்துக்குப் பின் 1958-இல் பாராளுமன்றம் புதுச்சட்டம் இயற்றிற்று. பழஞ்சின்னங்களும் தொல்லியல் இடங்களும் பற்றிய சட்டம் என்பது அதன் பெயர்ச்சுருக்கம். அடுத்த ஆண்டு வந்த விதிகளில்தான் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி’ என்னும் சொல் நம் வீட்டு வாசலுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது. ஆயினும் அஞ்சத் தேவையில்லாதபடி, எந்தச் சின்னத்தைச் சுற்றி எத்துணைத் தூரம் என்பதைத் தனித்தனியே விளம்பரம் செய்து, ஆட்சேபம் கேட்டு, பிறகே உறுதி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. பல ஊர்களில் அவ்விளம்பரம் வரவே இல்லை. ஊர்கள் வளர்ந்தன. சின்னங்களை ஒட்டி விடுதிகளும் கடைகளும் மூன்றடுக்கு நாலடுக்கு மாளிகைகளும் எழுந்தன. இதனை மறைப்பதிற் பயனில்லை. குறை நம்மவரிடமும் உண்டு.

இந்நிலையில் 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஒரே விளம்பரத்தினால் தேசமெங்கும் கோடு போட்டது. மத்தியக் காப்பிலுள்ள ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் அதே 100. காட்டிடையே கிடக்கும் பெயரறியாக் கல்லறைக்கும் அதே 100. அளவுகோல் ஒன்று, பொருள்கள் வேறு. இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லுவதானால், காக்க வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே முழக்கயிறு போட்டது சோம்பலின் பாற்பட்டது.

பின்னர் நடந்ததும் விசித்திரமே. தடைப்பகுதியிலும் விலக்களிக்க 2006-இல் ஓர் ஆலோசனைக் குழு ஏற்பட்டது. அதன் சிபாரிசின்மேல் பலருக்கு அனுமதி கிடைத்தது. 2009 அக்டோபரில் டில்லி ஹைகோர்ட்டார், அவ்வாறு விலக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தனர். அனுமதி பெற்றுக் கட்டினவர் கதி யாது என்ற கலக்கம் உண்டாயிற்று. 2010 ஜனவரியில் அவசரச் சட்டமும், மார்ச்சில் திருத்தச் சட்டமும் வந்தன. 100-உம் 200-உம் இப்பொழுது வெறும் விளம்பரத்தில் இல்லாமல் சட்டத்தின் உடலிலேயே ஏறி, 1992 ஜூன் 16 முதலே செல்லுபடியாகும்படி பின்னோக்கி நிலைநிறுத்தப்பட்டன. தேசியச் சின்னங்கள் ஆணையம் என்னும் புதுச்சபையும் அச்சட்டத்தாலேயே தோன்றியது.

இனி வீட்டுக்காரருக்கு வேண்டிய பகுதிக்கு வருவோம். இச்சட்டம் நான்கு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது: கட்டுதல், மறுபடி கட்டுதல், பழுது பார்த்தல், புதுப்பித்தல். நம் பேச்சில் இந்நான்கும் ‘வீட்டு வேலை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். சட்டத்திலோ இவற்றிடையே மதிலெழுப்பியிருக்கிறது. 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுதலும் இல்லை, இடிந்ததை மறுபடி கட்டுதலும் இல்லை. 1992 ஜூன் 16-க்கு முன் இருந்த வீட்டையோ, அதன் பின்னர் முறைப்படி அனுமதி பெற்ற வீட்டையோ பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் மனுச் செய்யலாம். 100-க்கு அப்பால், 300-க்கு உட்பட்ட வளையத்தில் நான்குக்குமே மனுச் செய்யலாம்.

மனு முதலில் தகுதி பெற்ற அதிகாரி என்று நியமிக்கப்பட்டவருக்குச் செல்லும். அவர் 15 நாளில் அதனை ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் இரண்டு மாதத்தில் தன் கருத்தைச் சொல்லும். அதிலிருந்து ஒரு மாதத்தில் அதிகாரி உத்தரவு கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். ஏட்டின்படி சுமார் மூன்றரை மாதம். உத்தரவின்றிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ நேரலாம். மேஸ்திரி சொன்னது முற்றும் பொய்யன்று.

மற்றொரு நுட்பம் உளது. 100 மீட்டர் என்பதைக் கோபுர நிழலிலிருந்தோ பாறையின் விளிம்பிலிருந்தோ அளப்பதில்லை; காக்கப்பட்ட எல்லை எங்கே முடிகிறதோ அங்கிருந்தே அளப்பர். வேலிக்கு உள்ளே பரந்த வெளி இருந்தால் சின்னத்திற்கு வெகுதூரத்திலுள்ள வீடும் வளையத்துள் விழும். இதனை அறியாது ஏமாந்த குடும்பம் நம் உறவிலேயே உண்டு.

மாமல்லபுரத்தில், பல்லவர் சின்னம் ஒன்றின் வேலிக்குச் சமீபத்தில், நம் பெரியம்மையாருக்குப் பனங்கை வைத்த நாட்டோட்டு வீடு ஒன்று இருந்தது. மழையில் ஒழுகியது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தமையால் அம்மையார் தனித்தே இருந்தார். தரகர் ஒருவர் வந்து, சின்னம் தூரத்தில் இருக்கிறது, மனு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். ஓடு இறக்கினர், மண்சுவரையும் இடித்தனர், புது அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டினர். ஏழாம் நாள் நோட்டீஸ் வந்தது. அளந்து பார்த்தபொழுது வீடு 100 மீட்டருக்குள் இருந்தது. இடிக்காமல் இருந்திருந்தால் கூரையைப் பழுது பார்க்க வழியிருந்தது. இடித்துவிட்டபடியால் அது ‘மறுபடி கட்டுதல்’ ஆகிவிட்டது, அதற்கு வழியில்லை. அம்மையார் தம் கடைசி நாட்களை நம் வீட்டு மாடியறையிற் கழித்தார்கள். “எங்க வீட்டுச் சுவரு என்னய்யா பாவம் பண்ணுச்சு? கல்லுக்கு ஒரு நியாயம், மண்ணுக்கு ஒரு நியாயமா?” என்று அவர்கள் கேட்டது இன்னும் நம் செவியில் இருக்கிறது. தரகர் பிறகு தென்படவில்லை.

அம்மையாரின் கேள்வி வெறும் புலம்பல் அன்று. பிற நாடுகளில் இதே பிரச்சினை வேறு விதமாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக்கட்டடத்தை விட்டுத் தெருவையே, ஊரின் ஒரு பகுதியையே காக்கும் முறையைக் கொணர்ந்தது. அங்கே ஜன்னலை மாற்றக் கூட ஒருவர் உத்தரவு கேட்க நேரலாம். ஆனால் அது அவருடைய வீடே மதிப்புடையது என்பதனால். சிங்கப்பூரில் நம் தமிழ் மக்கள் கடை வைத்து வாழ்ந்த சிராங்கூன் சாலைப் பகுதி 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கும் காக்கப்படுவது கடைவீட்டின் முகப்பும் ஓடும் ஐந்தடி நடைபாதையுமே. நம் நாட்டு 100 மீட்டர் விதியிலோ, வீடு காக்கப்படும் பொருளன்று. சின்னத்தின் காட்சியை மறைக்கும் இடையூறு. மாமல்லபுரத்துத் திண்ணை வீடு எத்துணை அழகுடையதாயினும் இவ்விதி அதனைத் தாங்கிப் பிடிக்காது. விழுந்தால் எழவும் விடாது. புதுச்சேரியில், கடப்பாக்கத்திலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், 1984 முதல் இன்டாக் என்னும் சங்கத்தார் பழைய தமிழ் வீடுகளையும் பிரெஞ்சு வீடுகளையும் கணக்கெடுத்துப் புதுப்பிக்கத் துணை நின்று வருகின்றனர். அதே 1984-இல்தான் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் ஏறின. இரண்டூர்களின் வீடுகளுக்கும் நேர்ந்தது வெவ்வேறு.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நியாயம். கட்டுப்பாடே இல்லாதிருந்தால் கடற்கரைக் கோயிலின் பின்னணியில் வானம் தெரியாது விடுதிச் சுவர் தெரியும். ரோமாபுரியின் பெருவட்ட அரங்கமே பல நூற்றாண்டு அயலார் வீடுகளுக்குக் கல்லெடுக்கும் சுரங்கமாயிருந்தது. ஆயினும் காப்பவர் பக்கத்துக் கணக்கும் சீராக இல்லை. 2013-இல் தணிக்கைத் துறையினர், தாங்கள் சென்று பார்த்த சின்னங்களுள் 92 இருந்த இடமே தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தனர். வேலியருகே குடியிருக்கும் கிழவியின் சுவரைக் கண்டுபிடிக்க ஏழு நாள் போதுமாயிருக்க, 92 சின்னங்கள் காணாமற்போனதைக் கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகள் ஆயின!

2010-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு ஒரு மாற்றையும் உள்ளே வைத்திருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி உயரம், முகப்பு முதலியவற்றை வரையறுக்கும் மரபுத் துணைவிதிகள் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்பது அது. வரைவு வெளியாகும்பொழுது பொதுமக்கள் ஆட்சேபமும் யோசனையும் தெரிவிக்க அவகாசம் உண்டு. அவ்வவகாசத்தில் நம்மவர் எழுதுவதில்லை. உத்தரவு வந்த பின்னர் வருந்துகின்றனர்.

இவ்வளவும் மத்தியக் காப்பிலுள்ள சின்னங்களுக்கே உரியன. இங்குதான் கடப்பாக்கத்து அங்கத்தினரின் வினாவுக்கு முதல் விடை. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை மத்தியத் துறையின் கீழ் உள்ளது. அதனருகே வீடுடையோர் மேற்சொன்ன 100, 200 கணக்கிற்கு உட்பட்டவர். ஆலம்பரைக் கோட்டையோ தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பொறுப்பு. அதற்கு அடிப்படை 1966-ஆம் ஆண்டு நம் மாகாணச் சட்டம். ஒரே கடற்கரை, இரண்டு கோட்டைகள், இரண்டு சட்டங்கள். ஆகவே 2010-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தை ஆலம்பரைக்குப் பொருத்திச் சிறை என்று மிரட்டியது மேஸ்திரியின் பிழை. எனினும் காக்கப்பட்ட எல்லைக்குள்ளோ அதனை ஒட்டியோ மனையிருந்தால் மாகாணத் துறையாரிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்வது நலம். வாய்ச்சொல்லை நம்பி வீடு இழந்த கதையை மேலே சொன்னோம்.

அவருக்கு மெய்யான தடை கோட்டையன்று, கழியே. 1991 பிப்ரவரி 19-ஆம் தேதி வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு கடலின் உயர்நீர்க்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், ஓதம் ஏறும் கழியோரத்திலும் கட்டடங்களுக்கு வரம்பு கட்டிற்று. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுவீடு இல்லை. முன்னிருந்த உத்தரவு பெற்ற வீட்டைத் தளப்பரப்பு மிகாமற் பழுது பார்க்கலாம். 2011-இலும் 2019-இலும் இவ்வறிவிப்பு புதுப்பிக்கப்பட்டது. 2019-இன்படி மக்கள் நெருக்கம் மிக்க ஊர்ப்புறத்தில் தடை 50 மீட்டராகச் சுருங்கியது; நெருக்கம் குறைந்த இடத்தில் 200 மீட்டரே நின்றது. தம் மனை எதிற் சேர்ந்தது என்பதைக் கடற்கரைத் திட்ட வரைபடத்தைப் பார்த்தே அறிய வேண்டும். இவற்றின்மேல் பேரூராட்சியின் கட்டட உத்தரவு இருக்கவே இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டத்திலிருந்து 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வரை வந்த மரபு அது. 2024 முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறுவீடுகளுக்குத் தாமே சான்றளித்து உத்தரவு பெறும் வசதி வந்திருப்பினும், கடற்கரை விதியும் தொல்லியல் விதியும் அதனால் விலகிவிடா.

நம் இரண்டாம் பயணத்தின்போது அங்கத்தினருடன் உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்துப் பார்த்தோம். பாட்டனார் பெயரிலிருந்த பட்டா, பழைய வீட்டு வரி ரசீதுகள், மின்சார இணைப்புச் சீட்டு ஆகியன ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. கறையான் அரித்தது போக மீதி போதுமானதாயிருந்தது. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கொண்டு கோட்டை எல்லையிலிருந்தும் கழியின் உயர்நீர்க்கோட்டிலிருந்தும் வாசற்படி வரை அளந்து வரைபடம் எழுதச் செய்தோம். மெத்தையின் மேல் அறை எழுப்பும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். பழைய சுவர் தாங்காது என்று சர்வேயரும் சொன்னார். அதற்குப் பதிலாக, மாட்டுக் கொட்டகையாயிருந்த பின்பகுதியை அறையாக மாற்றவும், முன்கட்டு ஓட்டை அப்படியே இறக்கி, உளுத்த கைமரங்களை மாற்றி, அதே ஓட்டை மேய்ந்துகொள்ளவும் தீர்மானமாயிற்று. பேரூராட்சிக்கும் தொல்லியலாருக்கும் கடற்கரை விதியைக் கவனிக்கும் ஜில்லாச் சபைக்குமாக மூன்று மனுக்கள் ஒரே நாளில் பதிவுத் தபாலிற் சென்றன.

இதனை எழுதும்பொழுது இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. மூன்றாவதற்கு நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது. விவாகம் வைகாசிக்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. பெண் வீட்டார் சம்மதித்துவிட்டனர். அவர்களுடைய வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு இரண்டாவது தெருவில்.